சுண்ணாம்பு அடித்த லோரி

பாவசங்கீர்த்தனத்துக்கு நான் தவறாமல் போகிறவன். கோபம், பொய், பொறாமை, ஒருமுறை அலுவலகத்திலிருந்து எடுத்துவந்த பேனா முள் வரைக்கும் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். பீடோரில் ஒரு சீனக் கிழவியிடம் நான் சொன்ன ஒற்றைச் சொல்லை மட்டும் இத்தனை வருடங்களில் யாரிடமும் சொன்னதில்லை. சாமியார் சட்டென்று மன்னித்துவிடுவார், மூன்று ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர் விலை விழுந்தது. என் அக்காவும் மச்சானும் இருந்த தோட்டத்தில் பாதி மரங்களைப் பால் வெட்டாமல் போட்டார்கள். மச்சான் அங்கே லோரி டிரைவர். ரப்பர் ஷீட்டை ரயில் ஸ்டேஷனுக்கு ஏற்றிச் செல்வதுதான் வேலை. ஏற்ற ஷீட் இல்லாமல் போனதும் துரை அவரையும் நிறுத்தினார், பழைய லோரியையும் அவர் தலையில் கட்டினார். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மச்சான் ஷீட் அடுக்கும் பெட்டிகளை உடைத்து, அந்தப் பலகைகளால் லோரியின் முதுகில் ஒரு வீடு கட்டினார். தகரக் கூரை. சுவரோடு சேர்த்து மடக்கக்கூடிய இரண்டு கட்டில். மூலையில் மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செய்த அடுப்பு. சட்டிகள் ஆடாமலிருக்கக் கொக்கிகள்.

வருடக்கணக்கில் புகைபோட்ட ரப்பரைச் சுமந்த வண்டி. அந்த நாற்றம் பலகையில் ஊறியிருந்தது. அக்கா அதற்கு உள்ளும் புறமும் இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தாள். தரையைத் தினமும் பினாயில் போட்டுக் கழுவினாள். தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த சுத்தம் அவ்வளவுதான்: டாக்டர் லயத்தைப் பார்க்க வருகிறார் என்றால் சுண்ணாம்பும் பினாயிலும். பின்பக்கத்து வாசலுக்குச் சிவப்புத் துணியில் ஒரு திரை தைத்துப் போட்டாள். வெள்ளை வெளேரென்ற பெட்டி, சிவப்புத் திரை. அக்காவுக்கு அதில் அத்தனை பெருமை.

இப்படியே சின்னச் சின்ன ஊர்களைப் பார்த்துக்கொண்டு தெற்கே போவது, யாராவது தோட்டக்கால் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தால் கீரையும் பயற்றங்காயும் போட்டுப் பிழைப்பது என்பது அவர்கள் திட்டம். "சக்கரத்தக் கழட்டிப் போட ஒரு எடம் கெடைச்சா போதும்லா" என்பார் மச்சான். சக்கரத்துக்கும் அதிக நாள் இல்லை. திட ரப்பர் டயர்கள் துண்டு துண்டாகப் பிய்ந்துகொண்டிருந்தன. மாற்ற வழியில்லை. மழை பிடிப்பதற்குள் இடம் கிடைக்காவிட்டால் திரும்பிப் போய் கங்காணியின் காலில் விழ வேண்டும்.

காய்கறி போடுகிறவர்கள் எல்லாரும் சீனர்கள். உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கு மலாய்கூடச் சரியாக வராது. ஈப்போவில் ஒரு சீனக் கடையின் மாடியில் தங்கிப் படித்தவன் நான். அவர்கள் பேச்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவள் அக்காதான். அவள் பால் மரம் வெட்டிய கையால்தான் நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தேன்.

ஈப்போவில் ஒரு குடும்பத்தில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். மாதா கோயிலில் முன்வரிசையில் உட்காரும் குடும்பம். என் அக்கா புருஷன் ஜொகூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணியார் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன்.

முதல் ஊர் சிம்பாங் பூலாய். சுண்ணாம்புக் குன்றின் அடியில் பாத்தி பாத்தியாகப் பச்சை. மச்சான் வண்டியை நிறுத்தி, எப்போதும் தோட்டத்தில் செய்வதுபோல ஹாரனை மூன்று முறை அடித்தார். பாத்திகளில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அடுத்த கணம் ஓடினார்கள். கூடையைப் போட்டது போட்டபடி, தண்ணீர்க் காவடியைப் போட்டது போட்டபடி. குடிசைக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. ஒரே ஒரு ஆள் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு வரப்பில் நின்றான்.

மச்சான் இறங்கிப் போய், தனக்குத் தெரிந்த மலாயில், "தவுக்கே, தானா அடா?" என்றார். முதலாளி, நிலம் இருக்கிறதா என்று அர்த்தம். அவன் காறித் துப்பினான். பின்னாலிருந்த குடிசைக்குள் ஒரு பெண் சீனத்தில் கத்தினாள். "சாவு வண்டி மறுபடியும் வந்துட்டுது! பிள்ளைகளை உள்ளே இழு! யாரும் முனகாதீங்க!"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. போன மழைக்காலத்தில் அந்தப் பக்கம் காலரா. ஆஸ்பத்திரி லோரி வந்து நோயாளிகளை முகாமுக்கு ஏற்றிப் போயிற்று. குடிசைகளைக் கொளுத்தினார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. அந்த லோரியும் வெள்ளைப் பெட்டிதான். அதிலும் பினாயில் வாடைதான்.

"என்னடா சொல்றாங்க?" என்று அக்கா வண்டிக்குள்ளிருந்து கேட்டாள்.

"நெலம் இல்லையாம்" என்றேன்.

ஒரு வாக்கியம் போதும். இது ஆஸ்பத்திரி லோரி இல்லை, என் அக்கா வீடு என்று அந்த ஆளிடம் அவன் மொழியில் சொல்லியிருக்கலாம். மண்வெட்டியைத் தாழ்த்தியிருப்பான். நான் நினைத்தது வேறு. சிம்பாங் பூலாய்க் கீரை விடிவதற்குள் ஈப்போ மார்க்கெட்டுக்குப் போகிறது. இங்கே நிலம் கிடைத்தால் அக்கா கூடையோடு அந்த மார்க்கெட்டில் உட்காருவாள். எனக்குப் பார்த்த பெண்ணின் தாயார் அங்கேதான் கறிகாய் வாங்குகிறார். அக்கா என்னைக் கண்டால் சும்மா இருக்கமாட்டாள். தூரத்திலிருந்தே "தம்பி" என்று குரல் கொடுப்பாள். அவள் குரல் மலைக்கு மலை கேட்கிற குரல்.

அதனால் நிலம் இல்லை என்றேன்.

அதன்பின் நடந்த ஒன்பது நாட்களை இன்பச் சுற்றுலா என்று யாரும் சொல்ல முடியாது. முன்னிருக்கையில் மச்சானும் நானும். இடையில் ஒரு முழம்கூட இல்லை. அவர் என்னைப் பார்த்தாலே வெடுக்கென்று ஏதாவது சொல்வார். நானும் விடமாட்டேன்.

"கிராணியாரே, எறங்காதீங்க, சப்பாத்துல சேறு ஒட்டிரும்."

"சேறு உங்க மேல ஒட்டுனா தெரியாது மச்சான், ஏற்கெனவே அந்த நெறம்தானே."

"ஒங்க ரெண்டு பேரையும் ஒரே சட்டியில போட்டு வேகவச்சாலும் வேகாது" என்று உள்ளிருந்து அக்கா சொல்வாள். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். பிறகு சொல்லவே இல்லை.

ஈயச் சுரங்கங்களின் மணல்மேடுகளைச் சுற்றி, குட்டைகளைச் சுற்றி, ஊர் ஊராகப் போனோம். எங்கேயும் அதே கதை. நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு கடைக்காரன் நாங்கள் தண்ணீர் எடுத்த கிணற்றுவாளியை எங்கள் கண்முன்னாலேயே உடைத்தான். காம்பாருக்கு வெளியே ஒரு வளைவில் கல் பறந்து வந்தது. ஒன்று முன்விளக்கை உடைத்தது. இன்னொன்று பலகைச் சுவரில் பட்டு, அக்கா அடித்த சுண்ணாம்பு பொடியாக உதிர்ந்தது. அக்கா திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டா, நம்ம மூஞ்சியில என்னதான் எழுதி ஒட்டியிருக்கு? கேளுடா அவங்கள!"

"தமிழாளுங்கன்னா அவங்களுக்கு ஆகாது" என்றேன். அதுவும் பொய். அந்தச் சடக்கில், அதே சாலை நெடுக, தமிழர்கள் மாட்டு வண்டி ஓட்டிப் பால் விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

காம்பாரில் ஒரு காப்பிக் கடைக்குப் போனோம். ரயில் பாதை வேலைக்காரர்கள், பால்காரர்கள் எல்லாம் தமிழர்கள். மச்சான் காப்பிக் கோப்பையை மேசைமேல் தட்டென்று வைத்தார்.

"சீனம் பேசுறவன்னு ஒன்னக் கூட்டியாந்தா, வாய்ல கொழுக்கட்டைய வச்சிக்கிட்டு நிக்கிற. ஒரு எடத்துலயாவது நீயா போயி கேட்டியா?"

"கத்தாதீங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்! அண்ணே, எல்லாரும் பாருங்க. இந்தத் தொரை போட்டிருக்காரே சப்பாத்து, அது என் பொண்டாட்டி பால் வெட்டி வாங்கிக் குடுத்தது. இப்ப அவ பக்கத்துல உக்காரவே இவருக்கு வெக்கம்!"

கடை முழுக்கச் சிரித்தது. ஒருவன் மேசைக்கு அடியில் குனிந்து என் சப்பாத்தை உண்மையிலேயே பார்த்தான். "நல்ல தோலுதான் மச்சான்!" என்றான். மறுபடியும் சிரிப்பு.

மச்சான் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. அதனால்தான் அந்த இடத்திலேயே அவரை வெறுத்தேன். அதுவரை இருந்தது பயம். மார்க்கெட்டைப் பற்றிய பயம். அன்றிலிருந்து பயம் தேவைப்படவில்லை. பீடோர் ஈப்போவிலிருந்து எவ்வளவோ தூரம். அங்கே அவர்களுக்கு நிலம் கிடைத்தால் எனக்கு ஒரு சங்கடமும் வந்திருக்காது. இதை நான் அன்றைக்கே அறிந்திருந்தேன். இப்போது காரணம் தேடி எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பீடோரில் எனக்குக் காரணமே இல்லை. அந்த மனிதன் சக்கரத்தைக் கழற்றக்கூடாது, அவ்வளவுதான்.

பீடோருக்கு வந்து சேர்ந்தபோது இடது பின்சக்கரத்தில் டயர் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. இரும்பு வளையம் சடக்கில் உரசி நெருப்புப் பொறி பறந்தது. ஊருக்கு வெளியே ஒரு காய்கறித் தோட்டத்துக்கு எதிரில் மச்சான் வண்டியை ஒதுக்கினார். "இதான் கடைசி. இங்க இல்லேன்னா திரும்பிட வேண்டியதுதான்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

மறுநாள் காலை தீப்பெட்டி வாங்க நான் தனியாகக் கடைத்தெருவுக்குப் போனேன். மளிகைக் கடைக்காரர் தமிழ் முஸ்லிம், நாகூர்ப் பக்கத்து ஆள். வாயில் வெற்றிலையோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, அந்த வெள்ள லோரியில வந்தவங்கதானே? யாருக்கு நோவு?"

"யாருக்கும் இல்ல அண்ணே. அது வீடு."

"வீடா!" அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வெற்றிலைச் சாறு தாடியில் வழிந்தது. "அடப் பாவிகளா, ஊரே நடுங்கிக் கெடக்கு. ஆஸ்பத்திரி லோரின்னு நெனச்சு எதுத்தாப்ல இருக்குற சீனக் கெழவி நேத்துலேர்ந்து கதவே தெறக்கல. அவளுக்குப் புருஷன் போயிட்டான். பாதி நெலத்தக் குத்தகைக்கு விட ஆள் தேடிக்கிட்டிருக்கா, தெரியுமா? தாப்பாவுலேர்ந்து ஒருத்தன் நாளைக்குக் காலையில வாரேன்னிருக்கான். அதுக்குள்ள போயி ஒரு வார்த்த சொல்லு. ஒனக்குச் சீனம் வருமில்ல? அப்புறம் அந்தச் சுண்ணாம்பு மேல கொஞ்சம் தார அள்ளிப் பூசுங்க."

சரி என்றேன். தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கிழவியின் வீட்டுக்குப் போகவும் செய்தேன். அதுதான் கொடுமை. போகாமலே இருந்திருந்தால் மறந்துவிட்டேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். வேலிக்கு வெளியே நின்று அவள் மொழியில் கூப்பிட்டேன். கதவு இரண்டு விரல் அளவு திறந்தது. நரைத்த தலை, ஒரு கண்.

"யார் நீ?"

"அந்த வண்டியோடு வந்தவன்."

"அந்த வண்டியில் ஒரு பெண் இருக்கிறாளே. அவளுக்கு என்ன நோய்?"

திரும்பிப் பார்த்தேன். சடக்குக்கு அந்தப் பக்கம் அக்கா துவைத்த துணிகளை வண்டியின் பக்கவாட்டில் கட்டிய கயிற்றில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மச்சான் சக்கரத்துப் பக்கத்தில் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் அக்கா கையை நெற்றிக்கு வைத்து, என்ன ஆச்சு என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

கிழவியிடம் சொன்னேன்: "தெரியாது."

கதவு சாத்திக்கொண்டது.

திரும்பி வந்து, "கொடுக்க மாட்டாளாம்" என்றேன். மச்சான் கையிலிருந்த சுத்தியலை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். அக்கா ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட வாடா" என்றாள். சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு. நன்றாக இருந்தது.

அடுத்த நாள் காலை திரும்பிப் போவதற்கு முன் உப்பும் மண்ணெண்ணெயும் வாங்க மூவருமாக அந்த மளிகைக் கடைக்குப் போனோம். நான் வெளியே நின்றுகொள்ளப் பார்த்தேன். கடைக்காரர் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"வா தம்பி, வா! என்ன தங்கச்சி, கெழவி ஒத்துக்கிட்டாளா? வெள்ளையப் பாத்து ஆஸ்பத்திரி லோரின்னு நெனச்சுட்டாளே, தம்பி போயி வெவரம் சொன்னாருல்ல?"

"ஆஸ்பத்திரி லோரியா?" என்றாள் அக்கா.

கடைக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். ஊர் நடுங்கியதை, தான் சிரித்ததை, தாப்பா ஆளை, தார் பூசச் சொன்னதை. சொல்லச் சொல்ல அவருடைய சிரிப்புக் குறைந்துகொண்டே வந்தது. எங்கள் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "நேத்துக் காலையிலயே சொன்னேனே" என்று முடித்தார்.

மச்சான் ஒரு அடி என்னை நோக்கி வந்தார். அக்கா கையை நீட்டித் தடுத்தாள்.

"சிம்பாங் பூலாய்லயே தெரியுமா?" என்று கேட்டாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

"அந்தப் பொம்பள கத்துனாளே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் அழவில்லை. புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம். கிழவி வாசலில் வாத்துகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் துடைப்பத்தைத் தூக்கினாள். அக்கா வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு கையையும் கூப்பினாள், பிறகு அதே கையால் கிழவியின் மணிக்கட்டைப் பிடித்தாள். கிழவி அலறினாள். துடைப்பத்தால் முதுகில் சாத்தினாள். அக்கா விடவில்லை. சடக்கைத் தாண்டி இழுத்துவந்து, சிவப்புத் திரையை விலக்கி, உள்ளே காட்டினாள். கட்டிலைத் தட்டினாள். அடுப்பைக் காட்டினாள். மாதா படத்தைக் காட்டினாள். சட்டியைக் கொக்கியிலிருந்து எடுத்து மூடியைத் திறந்து கிழவியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

கிழவியின் அலறல் நின்றது. சட்டிக்குள் பார்த்தாள். சுவரில் விரலை வைத்து இழுத்து, விரலில் ஒட்டிய சுண்ணாம்பைப் பார்த்தாள். படியேறி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு முறை குதித்துப் பார்த்தாள். பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். சோறு ஒரு கொதி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. என் சீன மொழி எதற்கும் தேவைப்படவில்லை.

பிறகு கிழவி என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போய்விட்டது. நீளமாகப் பேசினாள்.

"என்ன சொல்றா?" என்றாள் அக்கா.

அந்தப் பயணத்தில் முதல்முறையாகச் சரியாக மொழிபெயர்த்தேன். "இது வீடுதானே, நோயில்லாத வீடுதானே, நேத்து நான் கேட்டப்ப நீ ஏன் தெரியாதுன்னு சொன்னேன்னு கேக்குறா. இன்னிக்கு விடியக்காலமே நெலத்த வேற ஆளுக்குக் குடுத்துட்டாளாம்."

கிழவி கை காட்டிய திசையில் பார்த்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒருவன் சட்டையில்லாமல் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தான். நாலு பாத்தி ஆகியிருந்தது.

கிழவி இறங்கிப் போய் ஒரு கட்டு கடுகுக்கீரையைப் பிடுங்கி வந்து அக்காவின் கையில் வைத்தாள். அக்கா அதை வாங்கிக்கொண்டாள். நான் எதையாவது சொல்லலாம் என்று வண்டியின் படியில் கால் வைத்தேன்.

"எறங்கு" என்றாள்.

"அக்கா..."

"இது என் வீடு. எறங்குடா."

என் டிரங்குப் பெட்டியை அவளே தூக்கிப் புல்லில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள். மச்சான் முன்னால் போய், எஞ்சினைக் கிளப்பும் சுற்றுகைப்பிடியைச் சுழற்றினார். அவ்வளவு நாளும் என்னை வாய்க்கு வந்தபடி ஏசியவர், அன்று என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. வண்டி இரும்பு வளையத்தில் இழுத்துக்கொண்டு வடக்கே போயிற்று. நான் ரயிலேறி ஈப்போ வந்தேன். விடுப்பில் இன்னும் நான்கு நாள் பாக்கி இருந்தது. அலுவலகத்துக்கு முன்னதாகவே போய் நல்ல பெயர் வாங்கினேன்.

அவர்கள் பழைய தோட்டத்துக்கே திரும்பினார்கள். கங்காணி சேர்த்துக்கொண்டான். இருவரும் பால் மரம் வெட்டினார்கள். லோரி தோட்டத்து ஷெட்டுக்குப் பின்னால் நின்று, கோழி அடைகிற இடமாகப் போனது என்று யாரோ சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. என் கலியாணத்துக்கு அவர்களுக்குச் சொல்லவில்லை. ஜப்பான்காரன் சண்டை வருவதற்குள் மச்சான் மலேரியாவில் இறந்தார். சண்டை முடிந்த வருடம் அக்கா இறந்தாள். இரண்டு செய்தியும் எனக்குத் தபால் அட்டையில் வந்தன, அடக்கம் முடிந்த பிறகு.

கலியாணமான பிறகு ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் மனைவியோடு ஈப்போ மார்க்கெட்டுக்குப் போவேன். கீரைக்காரப் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். சீனத்திகள், நாலைந்து தமிழ்ப் பெண்கள். நான் முதலில் முகங்களைப் பார்ப்பேன். பிறகுதான் கீரையைப் பார்ப்பேன். "யாரத் தேடுறீங்க?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள். யாரையும் இல்லை என்றேன்.

முப்பது வருடம் அந்த மார்க்கெட்டில் கறிகாய் வாங்கினேன். ஒருநாளும் எந்தப் பெண்ணும் அந்த வரிசையிலிருந்து என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை.